பெயர்க் கட்டத்தில் எழுபத்தெட்டு

தேனி
9.6.1988

பொன்னுராஜ்,

ஒரு பெண்ணுக்கு எழுபத்தெட்டு என்று பெயர் இருக்க முடியுமா? நேற்று ஒரு பெண் என்னிடம் இதைக் கேட்டாள். கணக்கில் முதுகலை முடித்து இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு எண் எப்படிப் பெயராகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நர்ஸ் பயிற்சிப் பள்ளியின் தேர்வுப் பட்டியலை நேற்றுக் காலை ஒட்டினோம். போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது நீ எங்கள் கம்ப்யூட்டருக்கு எழுதிக்கொடுத்த புரோகிராம், அந்த ஷெல் ஸ்கிரிப்ட், அச்சிட்ட பட்டியல்தான். பரீட்சை எழுதிய எல்லாப் பெண்களும் மதிப்பெண் வரிசையில். முப்பதாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு இடம் உண்டு.

வருசநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றாள். கூட்டம் கலைந்த பிறகும் நின்றாள். பிறகு தேர்வுக் குழுச் செயலாளர் யார் என்று விசாரித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "என் நம்பரு இருக்குங்க. என் பேருதான் இல்லை" என்றாள். போய்ப் பார்த்தேன். பட்டியலின் அடிப்பகுதியில் 064 என்ற அவளுடைய எண் இருந்தது. அதற்கு அடுத்து, இனிஷியல் வரவேண்டிய கட்டத்தில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாக 'ராம்' என்று இருந்தது. பெயர்க் கட்டத்தில் 78. மூன்று மதிப்பெண் கட்டங்களில் 71, 74, 0. மொத்தம் 145. "எழுபத்தெட்டுன்னு ஒரு பொம்பளப் புள்ளைக்குப் பேரு இருக்குமாங்க?" என்று கேட்டாள்.

அவள் பெயர் ராமுத்தாய். அறிவியலில் 78, ஆங்கிலத்தில் 71, நேர்முகத்தில் 74. கூட்டினால் 223. கோட்டுக்கு மேலே கடைசியாக நிற்கும் பெண் வாங்கியது 201.

வாட்ச்மேன் சுருளியாண்டிக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் கேட்டைத் தாண்டும்போது, "ஏத்தா எழுபத்தெட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டான். அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். கண்டிக்கும்போதே தோன்றியது, அந்தப் பெயரை வைத்தவன் அவனில்லை என்று.

பட்டியலைக் கையால் திருத்த முடியாது. உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், தெரியாது என்று பிறகு நீ சொல்லக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கையெழுத்துப் பட்டியலில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதியதால் வந்த கலவரத்துக்குப் பிறகு பள்ளியை நடத்தும் அறக்கட்டளை தீர்மானம் போட்டது: கீழே போடும் கையெழுத்தைத் தவிர வேறெங்கும் பேனா பட்ட பட்டியல் செல்லாது. கம்ப்யூட்டர் வாங்கியதே அதற்காகத்தான். ஸ்கிரிப்டை இங்கே யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவைத்ததும் அதற்காகத்தான். அதைத் திறக்கிற கடவுச்சொல்தான் சாவி, அது உன்னிடம் மட்டும் இருக்கிறது.

ஜூலை நான்காம் தேதி சேர்க்கை. டெலிபோனில் பேசலாமே என்பாய். ஆபீசில் ஆறு பேர் காது வைத்திருக்கிறார்கள். தவிர, டெலிபோனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

என்ன நடந்தது என்று எழுது.

பி. கிருபாவதி

பெங்களூர்
13.6.1988

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்குத் தம்பி பொன்னுராஜ் எழுதுவது. இங்கே நானும் சுகிர்தமும் பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையால் சுகம். போடியில் மழை உண்டா? கடையில் ஏலக்காய் வரத்து எப்படி என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.

கடிதம் கிடைத்தது. படித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு இவ்வளவு கோபம் தேவையில்லை அக்கா.

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியையும் சொல் சொல்லாகப் பிரிக்கும். எங்கே இடைவெளி வருகிறதோ அங்கே ஒரு சொல் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஓர் இடைவெளியானாலும் ஒன்பது இடைவெளியானாலும் அதற்கு ஒன்றுதான். முதல் சொல் நம்பர், இரண்டாவது இனிஷியல், மூன்றாவது பெயர், அதற்குப் பிறகு மூன்று மதிப்பெண். அப்படித்தான் எழுதியிருக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். இந்தப் பெண்ணின் வரியில் உங்கள் டைப்பிஸ்ட் இனிஷியல் அடிக்கவில்லை, சும்மா இடம் விட்டிருப்பார். அதனால் பெயர் இரண்டாவது சொல்லாகி, ஒவ்வொன்றும் ஒரு கட்டம் இடதுபக்கம் நகர்ந்துவிட்டது. இனிஷியல் கட்டத்துக்கு மூன்று எழுத்துதான் அகலம், ஆகவே பெயரின் மிச்சம் வெட்டுப்பட்டது. கடைசிக் கட்டத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்றும் இல்லாததைக் கூட்டச் சொன்னால் மெஷின் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆக, புரோகிராமில் தப்பில்லை. கொடுத்த தகவலில்தான் தப்பு. இனிஷியல் இல்லாத ஆள் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஏதாவது ஓர் எழுத்தை அடித்துவிட்டுத் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். தகவலை மாற்ற என் சாவி தேவையில்லை. காரியம் முடிந்தது.

ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதத்தை உங்கள் குழுத் தலைவர் டாக்டர் அய்யாத்துரையிடம் காட்ட வேண்டாம். இதே புரோகிராமை எங்கள் கம்பெனியிடம் இன்னும் இரண்டு மருத்துவமனைகள் கேட்டிருக்கின்றன. இந்த நேரத்தில் தப்பு, தவறு என்று பேச்சு வந்தால் எனக்குக் கஷ்டம்.

சுகிர்தம் உங்களுக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

அன்புத் தம்பி
பி. பொன்னுராஜ்

தேனி
16.6.1988

பொன்னுராஜ்,

இனிஷியல் இல்லாத ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். ராமுத்தாய் இருக்கிறாள். இந்தப் பட்டியலிலேயே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரியாகக் கூட்டினாலும் மதிப்பெண் போதாது. ஆனால் ஒருத்தியின் பெயர் 52, இன்னொருத்தியின் பெயர் 49 என்று பலகையில் தொங்குகிறது.

டைப்பிஸ்ட் செல்வமணியைக் குறை சொல்லாதே. நீ கிறிஸ்துமஸ் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு இனிஷியல் இருந்தால் நடுவில் இடம் விடாமல் புள்ளி வைத்து அடி என்றாய். ஒவ்வொன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி அடி என்றாய். இல்லாதவர்களுக்கு என்ன செய்ய என்று அவள் கேட்டாள். காலியாக விடு என்றாய். அவள் விட்டாள். நீ சொன்னபடி ஒருத்தி இடம் விட்டிருக்கிறாள், நீ எழுதியது அந்த இடத்தைத் தின்றுவிட்டது. இதில் தப்பு தகவலில் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

ஏதாவது ஓர் எழுத்து என்கிறாய். திங்கட்கிழமை அவளையும் அவள் தாயையும் வரச் சொல்லியிருந்தேன். தாய் பெயர் முத்துப்பேச்சி. இலவம் தோப்பில் காய் பொறுக்கிப் பஞ்சு பிரிக்கிற வேலை. முந்தானையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு நுனியில் உட்கார்ந்தாள். தகப்பன் பெயரைக் கேட்டு நான் சங்கடப்படுத்தவில்லை. அவளாகவே, "அந்தப் பேரைச் சொல்றதுக்கில்லைங்க" என்று ஒரு தடவை சொன்னாள்.

மகள்தான் சொன்னாள். ஐந்தாம் வகுப்பில் ஒரு வாத்தியார் தானாகவே 'எஸ்' என்று போட்டாராம். யாருடைய எஸ் என்று இவள் கேட்டிருக்கிறாள். சும்மா ஒரு எஸ் என்றாராம். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு எழுதும்போது, "எங்க ஆத்தா பேருக்கு எம்மு போடுங்கன்னேன். ஆத்தா பேரெல்லாம் போடக் கூடாதுன்னாக. அப்ப ஒண்ணுமே வேண்டாம், சும்மா விடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள். பதினைந்து வயதில். தலைமை ஆசிரியர் மூன்று நாள் அலைய விட்டிருக்கிறார். மூன்று நாளும் போயிருக்கிறாள். கடைசியில் சான்றிதழில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. நான் பார்த்தேன்.

ஆகவே அது விட்டுப்போன இடம் இல்லை. அவள் கேட்டு வாங்கிய இடம்.

இதெல்லாம் உனக்குத் தேவையில்லை என்றால் விதியைச் சொல்கிறேன். பட்டியலில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் சேர்க்கை கிடையாது. உன் 'ஏதாவது ஓர் எழுத்து' அவளைக் கோட்டுக்கு மேலே கொண்டுவந்து, வாசலில் வைத்து வெளியே தள்ளும்.

ஸ்கிரிப்டை அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்கிப் படித்தேன். படிக்கத்தான் முடிந்தது, தொட முடியவில்லை. இருபது வரிகூட இல்லை. நேரில் வந்து திருத்து, அல்லது திருத்தியதை அனுப்பு.

டாக்டர் அய்யாத்துரையிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. நீ கேட்டதற்காக அல்ல. பட்டியலின் கீழே கையெழுத்துப் போட்டிருப்பது நான். கோட்டுக்கு மேலே உள்ளவற்றைச் சரிபார்த்தேன், கீழே பார்க்கவில்லை. அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அதை நீ பங்கு கேட்காதே.

மழை இல்லை. ஏலக்காய் வரத்தை அப்பாவுக்கே எழுதிக் கேள்.

பி. கிருபாவதி

பெங்களூர்
20.6.1988

அக்காவுக்கு,

இத்துடன் ஃப்ளாப்பி இருக்கிறது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன், மடக்க வேண்டாம் என்று செல்வமணியிடம் சொல்லுங்கள். போட்டதும் பழைய ஸ்கிரிப்டின் இடத்தில் புதியது தானாக உட்காரும். ஆபீஸ் முடிந்து வந்து இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து செய்தேன்.

வர முடியாது. லீவு கிடையாது. கேட்டால், ஏன், உன் புரோகிராமில் என்ன கோளாறு என்று கேட்பார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கு முப்பத்தெட்டு வயது ஆகிறது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தபோது நான் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பையன்கள் அதைச் சாப்பாட்டு ஹாலில் சத்தமாகப் படித்தார்கள். இப்போதும் உறையைப் பிரிக்கும்போது சிவப்பு இருக்குமோ என்றுதான் பார்க்கிறேன். ஒரு நல்ல காரியத்துக்காக ஒரு பைசா வாங்காமல், பண்டிகை நாளில் சர்ச்சில் பாட்டுக்குப் போகாமல் எழுதிக்கொடுத்தேன். நூற்றுக்கு மேலே பெண்கள், மூன்று வரியில் பிசகு. மற்ற வரிகள் எல்லாம் சரியாக வந்ததை ஒரு வாக்கியத்தில்கூட நீங்கள் எழுதவில்லை.

புதியதில் இனிஷியல் இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி செய்திருக்கிறேன். இருந்தால் தானே ஓர் எழுத்தைப் போட்டுக்கொள்ளும். அப்புறம் எதுவும் நகராது. இனி எந்த வருடமும் இந்தப் பிரச்சினை வராது.

தம்பி
பி. பொன்னுராஜ்

தேனி
23.6.1988

பொன்னுராஜ்,

ஃப்ளாப்பி மடங்காமல் வந்தது. நீ அனுப்பியது வேலை செய்கிறது. கோபமே அதனால்தான்.

நேற்றுச் செல்வமணி அதைப் போட்டாள். நான் மதியம் வரை கல்லூரியில் இருந்தேன். அதற்குள் டாக்டர் அய்யாத்துரை புதுப் பட்டியலை அச்சிட்டு, பழையதைக் கிழித்து, இதைப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் திருத்திக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னாராம். கம்ப்யூட்டர் சொன்னால் சரி, கம்ப்யூட்டரே மாற்றிச் சொன்னால் அதைவிடச் சரி.

நான் போனபோது ராமுத்தாய் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பதினான்காவது இடத்தில் இருந்தாள். 223 சரியாக இருந்தது. பெயர் சரியாக இருந்தது. பெயருக்கு முன்னால் ஓர் 'எக்ஸ்'.

அவள் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "எக்ஸுன்னா யாருங்க? எங்கய்யா பேரை இங்கன யாராச்சும் சொன்னாகளா?"

அது யாரும் இல்லையம்மா, இடத்தை நிரப்ப வைத்தது என்றேன். "அப்ப எஸ்ஸு போட்ட வாத்தியாரு மாதிரிதான்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அல்ஜீப்ராவில் தெரியாததற்கு நாம் வைக்கிற எழுத்து அது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, இருபத்தாறு எழுத்தில் அதைத் தேடிப்பிடித்து அவள் தகப்பன் இடத்தில் வைத்திருக்கிறாய்.

சான்றிதழ் சரிபார்க்கிற குமாஸ்தா, நான் உனக்கு எழுதியது போலவே, பெயர் ஒத்துவரவில்லை என்று அவளுடைய தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. விதியை ஒழுங்காகப் படித்தவர் இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

இன்னொன்று. ராமுத்தாய் மேலே வந்ததால் ஒருத்தி கீழே போனாள். கோம்பையைச் சேர்ந்த சந்தனம்மாள், 201 வாங்கியவள். இப்போது முப்பத்தோராவது. இரண்டு வாரமாகத் தனக்கு இடம் உண்டு என்று நம்பியிருந்தாள். வெள்ளைச் சேலை எடுத்துவிட்டார்களாம். கிடைக்கக் கூடாத இடம்தான், ஆனால் கொடுத்தது நாம். அதைப் பிடுங்குவதற்கு அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று டாக்டர் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காலியிடத்தைக் கண்டுபிடிக்க உனக்குத் தெரிந்திருக்கிறது. நம்பருக்குப் பிறகு, வரியின் ஐந்தாவது எழுத்திலிருந்து மூன்று எழுத்துகள் வெற்றாக இருக்கின்றனவா என்று பார்க்கிறாய். கண்டுபிடித்த பிறகு அதை அப்படியே விடத்தான் உனக்குத் தெரியவில்லை.

என் திருத்தம் இது. எத்தனையாவது சொல் என்று எண்ணவே கூடாது. எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனை எழுத்து என்று வெட்டி எடுக்க வேண்டும். செல்வமணி ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் அடித்திருக்கிறாள், எல்லா வரிக்கும் அதே இடம். ஐந்திலிருந்து மூன்று எழுத்து இனிஷியல். அங்கே மூன்றும் வெற்று என்றால், மூன்று வெற்றையும் எடுத்து இனிஷியல் கட்டத்தில் அப்படியே அச்சிடட்டும். அச்சிடச் சொல்லும் பிரிண்ட்எஃப் வரியில் நீ கட்டத்துக்கு அகலம் கொடுத்திருக்கிறாய், வெற்றாக இருந்தாலும் அது அகலத்தை விட்டுக்கொடுக்காது. பெயர் பெயரின் இடத்தில் நிற்கும். வரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நீலமையில். பிழை இருந்தால் சொல்.

சாவியை அனுப்பு. நான் போடுகிறேன். குழுவில் அனுமதி வாங்கிவிட்டேன். அதற்காக எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

சிவப்பு மை ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டு ஹால் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தனி உறையில் வைத்திருப்பேன். திருத்தாமல் இருந்திருக்க மாட்டேன்.

சந்தனம்மாளுக்கு நீ ஒரு கடிதம் எழுது.

பி. கிருபாவதி

பெங்களூர்
27.6.1988

அக்கா,

உங்கள் வரியை ஓட்டிப் பார்த்தேன். பிழை இல்லை. ஒரே இடத்தில் மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது, சேர்த்திருக்கிறேன். அதற்கு நான் சிவப்பு மை தேடவில்லை.

கடவுச்சொல் 'சிப்பாய்', ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து. நம் வீட்டில் இருந்த கோம்பை நாய்தான். நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வரும், நான் கூப்பிட்டால் கடிக்கும். ஏன் அந்தப் பெயரை வைத்தேன் என்று இப்போது தெரியவில்லை. வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

டிசம்பரில் இதைச் சோதித்துப் பார்த்தது எப்படி என்று யோசித்தேன். நம் குடும்பத்துப் பெயர்களை வைத்துத்தான். அப்பா, சித்தப்பா, நீங்கள், நான், சுகிர்தம், அவளுடைய தங்கைகள், சர்ச்சில் அன்றைக்குப் பாட்டுக்கு வந்தவர்கள். எல்லோருக்கும் முன்னால் ஓர் எழுத்து இருந்தது. அதனால் எல்லாம் சரியாக வந்தது. செல்வமணி கேட்டதற்குக் காலியாக விடு என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சொல்லியிருப்பேன். சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

அந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அதற்காக நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம். மேனேஜர் இன்று காலை என்னோடு பேசவில்லை.

குழுவில் எல்லாவற்றையும் சொல்லும் முன் எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். என் பெயரை என்ன செய்கிறீர்கள் என்று நானும் கேட்கலாம் அல்லவா?

கோம்பைப் பெண்ணுக்கு என்னால் எழுத முடியாது. மூன்று தாளைக் கிழித்தேன். அன்புள்ள என்று தொடங்கவும் முடியவில்லை, தொடங்காமல் இருக்கவும் முடியவில்லை. அவளுக்கு முதலில் கிடைத்ததும் என் பிழை, இப்போது போனதும் என் திருத்தம். இதை ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு எப்படி எழுதுவது? நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.

பொன்னுராஜ்

தேனி
30.6.1988

பொன்னுராஜ்,

சாவி திறந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். புதியது என்ன என்று உனக்குச் சொல்லப்போவதில்லை.

இன்று செல்வமணியை உட்கார வைத்து வரியை மாற்றினேன். முதலில் இனிஷியல் இல்லாத மூன்று பெயர்களை மட்டும் ஓட்டினோம், பிறகு முழுவதும். நாளைக் காலை பத்து மணிக்குக் குழுவின் முன்னால் அச்சிடுகிறோம்.

உன் பெயரை என்ன செய்கிறேன் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. சொல்லிவிட்டு எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் எதையும் திரும்பப் பெறவில்லை. நூற்றுச் சொச்சம் வரிகள் சரியாக வந்தன என்றாய். வந்தன. உன்னைப் போல, என்னைப் போல உள்ளவர்களின் வரிகள் எப்போதும் சரியாகத்தான் வரும். அதற்கு ஒரு வாக்கியம் எழுதவில்லை என்று குறைப்படுகிறாயே.

சந்தனம்மாளுக்குத் தகவல் அனுப்பி, தகப்பனோடு நாளை வரச் சொல்லியிருக்கிறேன். உனக்காக என்னால் சொல்ல முடியாது. எனக்காக மட்டும் சொல்வேன்.

இதை நாளை அச்சிட்ட பிறகு தபாலில் சேர்ப்பேன்.

பி. கிருபாவதி

1.7.1988

நேற்று எழுதியதன் கீழேயே தொடர்கிறேன். இன்று நடந்தது இவ்வளவுதான்.

பத்து மணிக்கு மின்சாரம் இல்லை. பதினொன்றேகாலுக்கு வந்தது. பட்டியல் அச்சாகி வந்தது. பதினான்காவது வரியில் 064, பிறகு வெற்று, பிறகு ராமுத்தாய், 78, 71, 74, 223. நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, கோட்டுக்குக் கீழேயும், ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் அய்யாத்துரை வாங்கிப் பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தார். பிறகு, பார்க்க ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வெற்றிடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார். அடுத்த இரண்டு வெற்றிடங்களைத் தேடிப்பிடித்து அங்கேயும் போட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அழகாகவே போட்டார்.

"பேனா பட்ட பட்டியல் செல்லாது, டாக்டர்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டேன். செல்வமணி எழுந்து போய் அச்சு இயந்திரத்தில் புதுத் தாள் வைத்தாள். இரண்டாவது தடவைக்கு ரிப்பன் மங்கிவிட்டது, எழுத்துகள் சாம்பல் நிறத்தில் வந்தன. வெற்றிடம் வெற்றிடமாகவே வந்தது. மறுபடி முழுவதும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்த பிறகு அவரிடம் கொடுத்தேன்.

ராமுத்தாய் பலகை முன்னால் வந்து 064-இல் விரலை வைத்து, அந்த இடத்தில் சற்று நிறுத்தி, பெயருக்குப் போனாள். குமாஸ்தா சான்றிதழையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். முத்துப்பேச்சி வரவில்லை, தோப்பில் வேலை. சுருளியாண்டி கேட்டைத் திறந்துவிட்டு, "வாங்க நர்ஸம்மா" என்றான். அவள் அவனைப் பார்க்காமலே போனாள்.

சந்தனம்மாள் பன்னிரண்டு மணிக்குமேல் தன் தகப்பன் சங்கிலி என்பவரோடு வந்தாள். அவள் கோட்டுக்கு மேலேதான் தேடினாள். கோட்டுக்குக் கீழே முதல் பெயர் அவளுடையது என்று நான்தான் காட்டினேன். காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள், யாராவது சேராவிட்டால் கூப்பிடுவோம் என்றேன். யாரும் சேராமல் இருக்கப்போவதில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தகப்பன் கையில் துணிக்கடைப் பை இருந்தது. சேலையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருப்பார் போல.

இதைச் செய்தது யார் என்று கேட்டார். முதல் பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான், பட்டியல் போடுகிற புரோகிராமை எழுதியது என் தம்பி, பிழை அவனுடையது, பார்க்காமல் விட்டது நான் என்று சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உங்க தம்பி எங்கன இருக்காக?" என்றார்.

பெங்களூரில் என்றேன்.

"விலாசம் குடுங்க. எம்புள்ள நல்லா எழுதுவா."

ஒரு தாள் எடுத்து உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன், பின்கோடு உட்பட. சந்தனம்மாள் அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.